சுவரைப் பார்க்காத விமர்சனம்

சுவரை நிரப்பச் சரக்கில்லாத ஓவியர்கள் பிரபல படங்களின் பெயர்களைத் திரித்து போஸ்டராக ஒட்டிவிடுகிறார்கள். அனிமேஷன் படங்களின் பின்னணியில் வரும் கேலி போஸ்டர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய கட்டுரையாளரின் கண்டுபிடிப்பு இது. ஒரு கலையை இகழ வருகிறவர் அது எப்படி உருவாகிறது என்பதையாவது தெரிந்துகொண்டு வர வேண்டும்.

நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில், கேமராவைத் தெருவில் வைத்தால் சுவரொட்டியும் கூடவே வந்துவிடும். அனிமேஷனில் எதுவும் தானாக வராது. சுவர், சுவரின் விரிசல், அதன் மேல் ஒட்டிய காகிதம், காகிதத்தில் விழும் தெருவிளக்கின் வெளிச்சம் என ஒவ்வொன்றையும் யாரோ யோசித்து உருவாக்கியாக வேண்டும். வேறொருவரின் நிஜ போஸ்டரை அப்படியே வைப்பதானால் உரிமை வாங்க வேண்டும். சுவரை வெறுமையாக விட்டால் நகரத்தில் மனிதர்கள் வாழ்வதாகவே தோன்றாது. ஆகவே அங்கே ஒட்டுவதற்கென்றே ஒரு போலிப் படத்தைக் கற்பனை செய்கிறார்கள். சோம்பேறிகள் செய்கிற வேலையா இது?

2018இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நாயகன் மைல்ஸ் மொராலிஸ் வாழும் நியூயார்க் நமக்குத் தெரிந்த நியூயார்க் அல்ல. அங்கே போலீஸ் காரில் ‘என்.ஒய்.பி.டி.’ என்று இருக்காது, ‘பி.டி.என்.ஒய்.’ என்று இருக்கும். டைம்ஸ் ஸ்கொயரில் சேத் ரோகன் குதிரைப் பந்தய ஜாக்கியாக நிற்கும் ‘ஹோல்ட் யுவர் ஹார்சஸ்’ என்ற பட விளம்பரம் தெரிகிறது. நம் உலகில் அப்படியொரு படமே கிடையாது. ‘ஷான் ஆஃப் தி டெட்’ படத்தின் அடுத்த பாகத்துக்கு அதை உருவாக்கிய சைமன் பெக்கும் எட்கர் ரைட்டும் வேடிக்கையாகச் சொல்லிவந்த பெயர் ‘ஃப்ரம் டஸ்க் டில் ஷான்’. இங்கே பேச்சோடு நின்றுபோன அந்தப் படம் மைல்ஸின் ஊரில் போஸ்டராக ஒட்டப்பட்டிருக்கிறது. இந்தப் படத்தின் தயாரிப்பாளர்களான ஃபில் லார்டும் கிறிஸ்டஃபர் மில்லரும் முன்பு உருவாக்கிய ‘க்ளோன் ஹை’ தொடர், இந்தப் படம் வந்தபோது ஒரே பருவத்தோடு நிறுத்தப்பட்டிருந்தது. மைல்ஸின் உலகிலோ ‘க்ளோன் காலேஜ்’ என்ற படம் ஓடுகிறது. பல பிரபஞ்சங்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் நடந்ததும் நடக்காததும் வேறு வேறு என்பதுதான் இந்தப் படத்தின் கதையே. அதை வசனமில்லாமல் சொல்வது இந்தச் சுவர்கள்தான். கதையின் அடித்தளத்தையே குப்பை என்று ஒதுக்கிவிட்டு எதை விமர்சித்தார் இவர்?

இவையெல்லாம் ஸ்டுடியோக்களின் சுயவிளம்பரம் என்கிறார். ஒரு இடத்தில் அவர் சொல்வது சரி. 2016 மார்ச்சில் வெளியான ‘ஸூடோபியா’வில் திருட்டு டிவிடி விற்பவனிடம் ‘மியாவானா’ இருக்கிறது. டிஸ்னியின் ‘மோவானா’ அதே நவம்பரில் வந்தது. அது முன்னோட்ட விளம்பரம்தான். ஆனால் அதே கடைப்பரப்பில் ‘ஜிராஃபிக்’கும் இருக்கிறது. அது டிஸ்னி அப்போது திட்டமிட்டிருந்த ‘ஜைகான்டிக்’ படத்தைக் குறிக்கிறது. 2017இல் அந்தப் படம் கைவிடப்பட்டது. வராமலே போன படத்தின் தடயம் ஒரு கள்ள டிவிடியின் அட்டையில் மிஞ்சியிருக்கிறது. இதை வெறும் வியாபாரம் என்று தள்ளிவிட முடியுமா? 2006இல் வந்த ‘கார்ஸ்’ படத்தின் இறுதியில், திறந்தவெளித் திரையரங்கில் பிக்ஸாரின் பழைய படங்களே கார்கள் நடிக்கும் படங்களாக ஓடுகின்றன. பார்த்துக்கொண்டிருக்கும் மேக் லாரி, எல்லாப் படத்திலும் ஒரே ஆள்தான் குரல் கொடுக்கிறான் என்று கண்டுபிடித்துக் கொதிக்கிறது. மேக்குக்கும் அந்தப் படங்களுக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, ஜான் ராட்சன்பெர்கர். தன் வழக்கத்தைத் தானே ஊரறியக் கேலி செய்வதற்குப் பெயர் சுயவிளம்பரம் அல்ல.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது, இவை குழந்தைகளுக்குப் புரியாது, ஆகவே எடுத்துவிட வேண்டும் என்று அவர் எழுதிய இடத்தில்தான். ஆர்ட்மன் நிறுவனத்துக்காக நிக் பார்க் இயக்கிய ‘எ க்ளோஸ் ஷேவ்’ (1995) படத்தில், செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் கிடக்கிறது க்ரோமிட் என்ற நாய். அதன் கையில் ‘குற்றமும் தண்டனையும்’. எழுதியவர் பெயர் ‘ஃபிடோ டாக்ஸ்டாயெவ்ஸ்கி’. சிறையில் உட்கார்ந்து நாய் புத்தகம் படிப்பதே ஆறு வயதுக் குழந்தைக்குப் போதும். அது சிரிக்கும், நாய்க்காக வருந்தும். அதே குழந்தை வளர்ந்து தஸ்தயெவ்ஸ்கியைப் படித்துவிட்டு மறுபடி பார்த்தால், இத்தனை ஆண்டுகளாக அந்தப் படத்தில் தனக்காக ஒன்று காத்திருந்தது தெரியவரும். களிமண் பொம்மைகளை ஒவ்வொரு அசைவாக நகர்த்திப் படமாக்கும் கலை அது. சில நொடிகளே திரையில் வரும் புத்தகத்துக்கும் ஒருவர் உட்கார்ந்து அட்டை செய்திருக்கிறார். இன்று புரிவதை மட்டும் குழந்தைக்குக் கொடு என்பவர், அந்தக் குழந்தை வளரும் என்பதையே மறந்துவிட்டார்.

ஒரு ஃபிரேமையும் நிறுத்திப் பார்க்காமல் எழுதப்பட்ட கட்டுரை அது. வாசகர்கள் அதை நம்ப வேண்டாம். படத்தைப் போட்டு, டைம்ஸ் ஸ்கொயர் வந்ததும் நிறுத்தி, சுவர்களைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.