வெடிக்காத மலைக்கும் ஒரு பாடம்



"நம்ம கொடைக்கானல் மலை எரிமலையா?" என்ற பேச்சு நம்ம பள்ளியில் அடிக்கடி வருகிறது. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லவே இல்லை! நம்ம பழனி மலை சார்னோக்கைட் என்ற பாறையால் ஆனது. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் 50 கோடி வருஷத்துக்கும் முன்னாடியே உருவான பாறை அது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இந்த வகைக் கல் இருப்பதால்தான் அந்தப் பெயர் வந்தது. இந்தியாவில் இப்போதும் வெடிக்கிற எரிமலை ஒன்றே ஒன்றுதான். அது அந்தமானில் இருக்கும் பாரன் தீவு.

"அப்ப எரிமலைப் பாடம் நமக்கு எதுக்கு? ஒரு மார்க் கேள்விக்குப் படிச்சா போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். போதாது என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

எரிமலை என்றால் நெருப்புக் குழம்பு ஆறு மாதிரி ஓடும் என்று படத்தில் பார்க்கிறோம். எல்லா எரிமலையும் அப்படி இல்லை. கஞ்சியைக் கொட்டினால் ஓடும். கேப்பைக் களியைக் கொட்டினால் ஓடுமா? குவிந்து அப்படியே நிற்கும். சில எரிமலைகளின் குழம்பு களி மாதிரி கெட்டி. அது மலையின் வாயிலேயே குவிந்து, கவிழ்த்த சட்டி போல மேடாகிவிடும். அதைக் குவிமாடம் என்கிறார்கள். பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் உள்ளே ஆவி அடைபட்டுக் கிடக்கும். களி கிண்டும்போது பொளக்கென்று தெறித்துக் கையைச் சுடுமே, அதை ஒரு மலை அளவுக்கு நினைத்துப் பாருங்கள்! மேடு சரிந்தாலோ வெடித்தாலோ, சுடுகிற பாறைத் துண்டும் சாம்பலும் ஆவியும் சேர்ந்த மேகம் தரையை ஒட்டிக் கீழே பாயும். பஸ்ஸை விட வேகமாக வரும். பார்த்த பிறகு ஓடித் தப்ப முடியாது. முன்னாடியே கிளம்பியிருந்தால்தான் உண்டு.

மேகம் போன வழியெல்லாம் பாறையும் சாம்பலும் அடுக்கடுக்காகப் படிந்துவிடும். விஞ்ஞானிகள் அந்த அடுக்கைத் தோண்டிப் பார்த்து, முன்பு எதுவரை வந்தது, இனி எந்த ஊருக்கு ஆபத்து என்று வரைபடம் போடுகிறார்கள். மண்ணே ஒரு பழைய நோட்டுப் புத்தகம் மாதிரி.

இப்போது மூன்று தீவுகளின் கதையைக் கேளுங்கள். மூன்றும் கரீபியன் கடலில் இருக்கின்றன. மூன்றுக்கும் 1850-களிலும் 1860-களிலும் நம் தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலில் போனார்கள். மூன்றிலும் குவிமாட எரிமலை உண்டு.

முதலாவது மார்த்தினிக். அங்கே பெலே என்ற மலை. 1902 ஏப்ரலில் இருந்தே புகைந்தது, சாம்பல் விழுந்தது. ஆனாலும் ஊரைக் காலி செய்யவில்லை. மே 8-ஆம் தேதி காலையில் மலை வெடித்தது. செயின்ட் பியர் என்ற நகரம் சில நிமிஷத்தில் அழிந்தது. சுமார் 28,000 பேர் இறந்தார்கள்.

இரண்டாவது குவாதலூப். 1976-ல் அங்கே மலை ஆவி கக்கியது. 70,000 பேருக்கு மேல் ஊரை விட்டு அனுப்பினார்கள். மாதக்கணக்கில் வெளியே இருந்தார்கள். பெரிய வெடிப்பு வரவே இல்லை! ஜனங்களுக்குக் கோபம். விஞ்ஞானிகளே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள்.

மூன்றாவது செயின்ட் வின்சென்ட். அங்குள்ள மலை 1902 மே 7-ல் வெடித்து ஏறக்குறைய 1,600 பேரைக் கொன்றது. அதே மலையில் 2020 டிசம்பரில் புது மேடு வளர்ந்தது. விஞ்ஞானிகள் விடாமல் கவனித்தார்கள். 2021 ஏப்ரல் 8-ல் ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். மறுநாள் காலையிலேயே வெடித்தது. கொரோனா காலத்திலும் ஆயிரக்கணக்கானோர் வெளியேறியிருந்தார்கள். அந்த வெடிப்பில் நேரடியாக ஒருவரும் சாகவில்லை!

மூன்றில் எது தோல்வி? பலர் குவாதலூப்பை வீண் அலைச்சல் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மலைக்குள் நடப்பது முழுசாகத் தெரியாதபோது உயிரைக் காப்பாற்ற வேறு என்ன வழி? குடை எடுத்துப் போன அன்னிக்கு மழை வரலைன்னா குடையைத் தூக்கிப் போட்டுடறோமா?

இது நமக்கும் பொருந்தும். நம்ம மலை வெடிக்காது, ஆனால் சரியும். பக்கத்தில் மூணாறு பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். நம்ம பக்கமும் மழைக்காலத்தில் பாறை உருளுது, ரோடு அடைபடுது. "ஓடை ஓரம் இருக்கிறவங்க மேட்டுக்கு வந்துடுங்க" என்று மைக்கில் சொன்னால், "இப்படித்தான் போன வருஷமும் சொன்னாங்க, ஒண்ணும் ஆகலை" என்று சிரிக்கிறவர்கள் நிறைய. ஒண்ணும் ஆகாததற்குச் சந்தோஷப்பட வேண்டாமா?

அதே சமயம், ஜனங்கள் மேல் மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. மாட்டை யார் பார்ப்பது? காயப்போட்ட பூண்டு என்ன ஆவது? வயசுப் பெண்கள் போகிற இடத்தில் கழிப்பறைக்குக் கதவு இருக்குமா? இதற்குப் பதில் சொல்லாமல் "கிளம்பு, கிளம்பு" என்றால் யார் கிளம்புவார்கள்? குவாதலூப் ஜனங்களின் கோபத்திலும் நியாயம் உண்டு. போனவர்களுக்குச் சோறும் இடமும் திரும்பி வரும்வரை வருமானமும் முக்கியம். அதனால் என் யோசனை: முகாமில் கால்நடைக்கும் இடம் வேண்டும். ஏன் போகணும் என்பதை நம் பேச்சில் புரியும்படி சொல்ல வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் நம் பள்ளியில் ஒரு நாள் ஒத்திகை வைக்கலாம். ஓடை எதுவரை ஏறியது, பாறை எங்கே விழுந்தது என்று தாத்தா பாட்டிகளிடம் கேட்டு நாமே ஒரு வரைபடம் போடலாம். விஞ்ஞானிகள் சாம்பல் அடுக்கைப் படிப்பது போலத்தான் இதுவும்.

எச்சரிக்கை பொய்யானால் நமக்கு ஒரு ராத்திரித் தூக்கம்தான் போகும். அதை மதிக்காத ராத்திரியில் அது உண்மையானால்? யோசியுங்கள் நண்பர்களே!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி