கடிவாளம் இல்லாத தேர்ப்பாகன்

குறி பார்ப்பதில் ஆர்வமுடைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் ஒரு சீட்டைக் கொணர்ந்து, “ஐயா, இதற்கு வெற்றி என்று பொருளாம், பரீட்சைக்கு நல்ல குறிதானே?” என்று வினவினார். மேனாட்டார் குறி சொல்லப் பயன்படுத்தும் டாரட் சீட்டுக்கட்டில் ஏழாம் இலக்கமுடைய ‘தேர்’ அது. கவசம் பூண்ட வீரன் ஒருவன் விண்மீன் பொறித்த விதானத்தின்கீழ்க் கோலேந்தி நிற்கின்றான். மனிதத் தலையும் சிங்க உடலும் வாய்ந்த ஸ்பிங்ஸ் விலங்குகள் இரண்டு, ஒன்று கறுப்பும் ஒன்று வெள்ளையுமாக, முன்னே படுத்திருக்கின்றன. வீரன் கையிற் கடிவாளம் இல்லை.

இச்சீட்டுக்கள் எகிப்தியரின் மறைநூல் என்னும் கதையை 1781 இல் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர் கிளப்பிவிட்டார். அதற்கு ஆதாரம் இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்கள் பொழுதுபோக்காக ஆடிய சீட்டுக்களே இவை. ‘தேர்’ அவ்வாட்டத்தில் ஒரு துரும்பு. மிலான் நகர விஸ்கொந்தி - ஸ்போர்சா குடும்பத்தாருக்கென வரையப்பட்ட பழைய கட்டிலே தேரை இழுப்பன சிறகுடைய குதிரைகள், இரண்டும் வெள்ளை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எலிபாஸ் லேவி என்பவரே கறுப்பும் வெள்ளையுமான ஸ்பிங்சுகளைப் பூட்டினார். 1909 இல் ஏ. ஈ. வெயிற்றுக்காகப் பமெலா கோல்மன் சிமித் வரைந்த சீட்டில் அவை நிலைபெற்றன.

இவ்விரட்டையைக் கண்டதும் பிளேற்றோ நினைவுக்கு வருதல் இயல்பே. ‘பீட்ரசு’ என்னும் உரையாடலில் ஆன்மாவை, இரு குதிரைகளும் பாகனும் ஒன்றாய் இணைந்த சிறகுடைய ஆற்றலுக்கு அவர் ஒப்பிடுகின்றார். வெண்குதிரை நாணமுடையது, சொல்லுக்கு அடங்குவது. கருங்குதிரை சாட்டைக்கும் அரிதில் அடங்குவது. அன்புக்குரியாரைக் கண்டதும் அது பாய்கின்றது. பாகன் கடிவாளத்தைப் பின்னிழுக்கும் வேகத்தில் இரு குதிரைகளும் பின்னங்கால் மடிந்து வீழ்கின்றன. மீண்டும் பாய்ச்சல், மீண்டும் இழுப்பு. கருங்குதிரையின் வாயிற் குருதி.

இப்பகுதியைப் ‘புலனடக்கம்’ என்ற ஒரே சொல்லால் வகுப்பில் முடித்துவிடுதல் ஆசிரியர் வழக்கம். யானும் பல்லாண்டு அவ்வாறே செய்தேன். அது போதாதென்று இப்பொழுது கருதுகின்றேன். கருங்குதிரை இழுத்திராவிடின் தேர் அம்முகத்தின் அருகே சென்றே இராது. அருகே சென்று அதன் ஒளியைக் கண்டபின்னரன்றோ, முன்னொருகால் தான் கண்ட மெய்யழகு பாகனின் நினைவில் எழுகின்றது! அஞ்சிப் பின்வாங்கும் அறிவும் அந்நினைவாற் பிறந்ததே. அடக்கப்படவேண்டியதே அவ்விடம்வரை இழுத்துச் சென்றது என்பதை மாணாக்கருக்கு மறைத்தல் நேர்மையாகாது.

பிளேற்றோ இவ்வுவமையைக் கடோபநிடதத்திலிருந்து எடுத்தார் என மேடைகளில் முழங்கும் நண்பர்கட்கு ஒரு சொல். அதற்குச் சான்று இல்லை, உவமையும் ஒன்றன்று. கடோபநிடதத்தில் உடல் தேர், புத்தி பாகன், மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள், ஆன்மா தேரேறிச் செல்லும் தலைவன். பிளேற்றோவிடமோ பாகனுக்கு மேலே தலைவன் ஒருவன் இல்லை. பாகனும் நற்குதிரையும் தீக்குதிரையும் ஆகிய மூன்றுமே ஆன்மா. ஆகவே அங்கே போர் ஆன்மாவுக்குள்ளேயே நிகழ்கின்றது. நம் பெருமைக்காக இவ்வேற்றுமையை அழித்துவிட்டால் இரண்டு நூல்களையும் இழப்போம்.

இனிச் சீட்டுக்கு வருவோம். வீரன் மனவலிமை ஒன்றாலேயே தேரோட்டுகின்றான். ஆதலின் கடிவாளம் வேண்டியதில்லை என்பர் குறி சொல்வோர். ஆனால் வெயிற்றே, 1911 இல் வெளிவந்த தமது விளக்க நூலில், இவனது வெற்றி புறத்ததே, தன்னுள்ளே பெற்றதன்று என எழுதியுள்ளார். பலன் கூறுவோர் இதனை ஏனோ விட்டுவிடுகின்றனர்! படத்தை மறுபடியும் நோக்குக. விலங்குகள் பாயவுமில்லை, வீழவுமில்லை, வாயிற் குருதியுமில்லை. பிளேற்றோவின் பாகன் பட்ட பாட்டில் ஒரு சிறிதும் இவ்வீரன் பட்டதாகத் தெரியவில்லை. இதனை வெற்றி என்று எங்ஙனம் கூறுவது?

இவற்றையெல்லாம் கேட்டிருந்த மாணாக்கர், “அப்படியானால், கறுப்புக் குதிரை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று முதலிற் பார்க்கவேண்டுமா, ஐயா?” என்றார். பரீட்சைக்கு மூன்று கிழமையே இருந்தமையால், அவ்வினாவைப் பின்னர் ஆராயலாம் என்று கூறி அனுப்பிவைத்தேன்.