மண்ணள்ளவா பள்ளிக்கு அனுப்பினோம்?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஒரு பள்ளியில் பிள்ளைகள் கீரைப்பாத்தி கொத்துகிறார்கள். கீழே ஒரு கேள்வி: "மண்ணள்ளவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம்?" அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளித் தோட்டம் எனக்குத் தண்டனை கொடுக்கும் இடம். தாமதமாக வருபவனும் வீட்டுப்பாடம் எழுதாதவனும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்ற வேண்டும். ஒருநாள் களை எடுக்கப் போகிற வழியில் ஒரு அம்மா வந்து நின்றார். "டீச்சர், இந்த வேலை அவனுக்கு வேண்டாம்னுதான் இங்க அனுப்புறேன். நீங்களும் இதையே குடுத்தா எப்படி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்றுதான் இன்னொன்றும் உறைத்தது. குடம் தூக்கியவர்கள் எல்லோருமே கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். கடைக்காரர் வீட்டுப் பையன் ஒருநாளும் தூக்கியதில்லை.

ஆகவே பெற்றோரின் கோபத்தில் நியாயம் உண்டு. சில பிள்ளைகளை மட்டும் வேலை வாங்கினால் அது பாடமல்ல, அநியாயம். தைரியமாகப் போய்க் கேளுங்கள்.

ஆனால் அதற்காகத் தோட்டத்தையே மூடச் சொல்வது சரியா? நான் அந்த அம்மாவிடமே, "நீங்கள் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டேன். அடுத்த வாரம் வந்தார். கீரை விதையை மணலோடு கலந்து தூவினால்தான் ஒரே இடத்தில் குவியாமல் பரவலாக விழும் என்று காட்டினார். ஆசிரியர் பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லித் தராத விஷயம் அது. அன்று அவர் மகன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததை இன்றும் மறக்கவில்லை.

பிறகு தண்டனை போய், எல்லோருக்கும் முறை வந்தது. 40 அவரை விதை போட்டோம், 32 முளைத்தன. சதவீதம் அங்கேயே புரிந்தது. பாத்தியை அளந்து பரப்பளவு போட்டார்கள். அவரை இரண்டு பருப்பாகப் பிளந்து வருவதையும், சோளம் ஒற்றை இலையாய் எழுவதையும் கண்ணால் பார்த்தவனுக்கு இருவித்திலை, ஒருவித்திலை மனப்பாடம் எதற்கு? கை கழுவிய தண்ணீர் வாழைக்குப் போனது. கீரை சத்துணவுக்குப் போனது.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அதிகாரி வருகிற வாரம் தொட்டிகளை அடுக்கிப் படம் எடுத்துப் போடுவது தோட்டமல்ல. அந்தச் செடி மே விடுமுறையில் காய்ந்துபோகும். பக்கத்து வீட்டுப் பெற்றோர் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினால்தான் பிழைக்கும்.

பெற்றோரே, 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு நீங்கள்தான். பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் முறை உண்டா? எந்தப் பாடத்துக்காக இந்த வேலை? விடுமுறையில் யார் பார்த்துக்கொள்வது?

பள்ளி திறந்த சூட்டோடு ஆடிப்பட்டம் வந்துவிடும். கட்டைவிரல் காட்டியவர்கள் ஒரு பிடி விதையோடு பள்ளிக்குப் போய் வாருங்கள். அப்புறம் என்னோடு சண்டை போடலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்