ஏழைக்குச் சாதி இல்லையா?

"ஏழை என்றால் எல்லாரும் ஏழைதானே தோழர், பசிக்கு என்ன சாதி?" இந்தக் கேள்வியை இப்போது அடிக்கடி எதிர்கொள்கிறேன். கேட்பவர்கள் இடஒதுக்கீட்டு எதிரிகள் அல்ல. பெரியாரைப் படித்தவர்கள், மே நாள் ஊர்வலத்துக்கு வருகிறவர்கள், ஆணவக்கொலை நடந்தால் முதல் ஆளாகப் பதாகை எழுதுகிறவர்கள். அதனால் இதைக் கேலி செய்துவிட்டுக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. மனிதர்கள் அனைவரும் சமம் என்ற நல்ல நினைப்பிலிருந்துதான் இந்தக் கேள்வி பிறக்கிறது. ஆனால் இதே கேள்விக்கு இந்திய ஒன்றிய அரசு 2019இல் சட்டமாகவே ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பதில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே பேசுவோம்.

மண்டல் குழு 1980இல் அறிக்கை கொடுத்தது. அது தூசி தட்டி எடுக்கப்பட 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 103ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தத்துக்கு அப்படி எந்தக் காத்திருப்பும் இல்லை. 2019 ஜனவரி 8ஆம் நாள் மக்களவையில் அறிமுகமாகி அன்றைக்கே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை. ஜனவரி 14இல் நடைமுறைக்கே வந்துவிட்டது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்குக் கல்வியிலும் வேலையிலும் 10 விழுக்காடு. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

சரி, நலிந்தவர் யார்? குடும்பத்தின் ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குக் கீழே இருக்க வேண்டும். மாதக் கணக்கில் 66 ஆயிரத்துக்கும் மேல். ஐந்து ஏக்கருக்குக் குறைவாக நிலம் இருக்கலாம், ஆயிரம் சதுர அடிக்குக் குறைவாக அடுக்குமாடி வீடு இருக்கலாம். வருமான வரியின் அடிப்படை விலக்கு வரம்பே அப்போது இரண்டரை லட்சம்தான். இவ்வளவும் இருந்தால் ஏழை என்று இந்தச் சட்டம் சொல்கிறது. போகட்டும், தாராள மனம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த நிபந்தனைதான் முக்கியம். ஏற்கெனவே இடஒதுக்கீட்டின் கீழ் வரும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் இதில் சேர முடியாது. அந்தப் 10 விழுக்காட்டின் கதவுக்கு முன்னால் நின்று "பசிக்குச் சாதி இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். சாதிச் சான்றிதழை எடு என்பார்கள்.

இந்தத் திருத்தத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது 2010இல் வந்த சின்ஹோ ஆணைய அறிக்கை. அதில் உள்ள கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 31.7 கோடி. அவர்களில் பட்டியல் சாதியினர் 7.74 கோடி, பழங்குடியினர் 4.25 கோடி, பிற்படுத்தப்பட்டோர் 13.86 கோடி, பொதுப்பிரிவினர் 5.85 கோடி. விழுக்காட்டில் சொன்னால் இன்னும் தெளிவாகத் தெரியும். பழங்குடியினரில் 48 விழுக்காட்டினர் ஏழைகள், பட்டியல் சாதியினரில் 38, பிற்படுத்தப்பட்டோரில் 33, பொதுப்பிரிவினரில் 18. அதாவது ஏழைகளுக்கென்று கொண்டுவந்த திட்டம் 25 கோடிக்கும் மேற்பட்ட ஏழைகளை வெளியே நிறுத்திவிட்டு மற்றவர்களுக்கு இலை போட்டது. 2022 நவம்பர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதை 3-க்கு 2 என்ற கணக்கில் செல்லும் என்றது. எதிர்த்து எழுதிய நீதிபதி ரவீந்திர பட், அவரோடு உடன்பட்ட தலைமை நீதிபதி யு.யு. லலித் இருவரும் சுட்டிக்காட்டியது இந்த வெளியேற்றத்தைத்தான்.

"அவர்களுக்குத்தான் வேறு இடஒதுக்கீடு இருக்கிறதே" என்பது வழக்கமான பதில். அந்த இடஒதுக்கீடு வறுமைக்காகக் கொடுத்தது அல்ல. படிக்கவே கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தள்ளி வைத்ததற்காக வந்தது. 1951இல் முதல் சட்டத் திருத்தம் எழுதப்பட்டபோது "சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும்" பின்தங்கியவர்கள் என்றுதான் எழுதினார்கள். பொருளாதாரம் என்ற சொல் அங்கே இல்லை. 1992இல் மண்டல் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, வெறும் பொருளாதார அடிப்படையில் நரசிம்ம ராவ் அரசு கொடுத்த 10 விழுக்காட்டைச் செல்லாது என்று சொன்னதும் இதனால்தான்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் அதற்கும் முன்பே தெரியும். 1979இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோருக்கு 9 ஆயிரம் ரூபாய் ஆண்டு வருமான வரம்பு கொண்டுவந்தது. ஏழைகளுக்குத்தானே போய்ச் சேரட்டும் என்ற வாதம் அன்றும் சொல்லப்பட்டது. திராவிடர் கழகமும் மற்றவர்களும் தெருவில் இறங்கினார்கள். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. வென்றது இரண்டே இடம். ஆணை திரும்பப் பெறப்பட்டது, 31 விழுக்காடாக இருந்த பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு 50 ஆனது.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் வர்க்கம் ஒன்றுமில்லை, சாதி மட்டும்தான்" என்று யாராவது முடிவுக்கு வந்தால் அதையும் நான் ஏற்கமாட்டேன். நம் பக்கத்து மேடைகளில் இந்தக் குரல் கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறது. கூலி, நிலம், ஒப்பந்தத் தொழில் பற்றிப் பேசினால் "அது கம்யூனிஸ்ட் வேலை" என்று ஒதுக்குகிறார்கள். அம்பேத்கர் அப்படி ஒதுக்கவில்லை.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் நல்ல கூலி கிடைத்தது நெசவுப் பிரிவில். அங்கே தீண்டப்படாதவர்களுக்கு இடமில்லை. காரணம் ஒரு நூல். நாடாவில் புதிய தார் போடும்போது நூல் முனையை வாயால் உறிஞ்சித்தான் துளை வழியாக வெளியே இழுக்க வேண்டும். ஒரு மகர் வாய் வைத்த நாடாவில் நான் வாய் வைப்பதா என்று மற்ற தொழிலாளிகள் மறுத்தார்கள். முதலாளி போட்ட விதி அல்ல இது. செங்கொடி பிடித்த கைகள் போட்ட விதி. 1928 வேலைநிறுத்தத்தின்போது இந்தத் தடையை நீக்கும் கோரிக்கையையும் சேர்க்கும்படி அம்பேத்கர் வற்புறுத்த வேண்டியிருந்தது. ரயில்வேயிலும் இதே கதைதான். தண்டவாளக் கூலியாகவே ஆயுள் முழுவதும் கிடக்க வேண்டும், போர்ட்டராகக்கூட ஆக முடியாது. போர்ட்டர் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுவேலையும் பார்க்க வேண்டும், அந்த வீட்டுக்குள் இவர் எப்படி நுழைவது? 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் இதையெல்லாம் எடுத்துச் சொல்லித்தான், தொழிலாளிக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டு பகைகள் உண்டு என்றார் அம்பேத்கர். அதே ஆண்டு நவம்பர் 7இல், வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பம்பாயில் ஒருநாள் வேலைநிறுத்தமும் நடத்தினார். கூட்டாளியின் சாதிப் புத்தியைத் தெரிந்துகொண்டே சேர்ந்தார் என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊர்க் கணக்கும் வேறல்ல. கீழ்வெண்மணியில் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. அது வர்க்கக் கோரிக்கை. 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் எரிந்துபோன 44 பேரும் ஒரே சேரி. பிறகு உயர் நீதிமன்றம், இவ்வளவு நிலமும் வசதியும் உள்ள மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று கூறி விடுதலை செய்தது. பணம் இருப்பதே சாட்சியமாகிவிட்டது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த வரியை இந்தத் தீர்ப்போடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும்.

நிலத்தையும் பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கைக்குப் பின், 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர். பத்தாண்டுக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது தாலுகா அலுவலகங்களுக்குத் தெரியும். 1994இல் காரணை நிலத்தை மீட்கப் போராடியவர்களில் இரண்டு பேர் காவல்துறைத் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவரை ஏழை என்று சொல்லும் சட்டத்தை, கையிலிருந்த ஒரு ஏக்கரையும் இழந்தவரின் பேரப்பிள்ளை எப்படிப் படிப்பார்?

ஆகவே கேள்வி கேட்ட இளைய தோழர்களுக்கு நான் காட்ட விரும்பும் இடம் சென்னை ரிப்பன் மாளிகை வாசல். 2025 ஆகஸ்ட் 1 முதல் 5, 6ஆம் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் அங்கே உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் பட்டியல் சாதியினர். மாநகராட்சி தங்கள் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியார் ஒப்பந்ததாரரிடம் கொடுப்பதை எதிர்த்தார்கள், பணி நிரந்தரம் கேட்டார்கள். இது கூலிப் போராட்டமா, சாதிப் போராட்டமா? அங்கே உட்கார்ந்திருந்த ஒருவரிடமும் இந்தக் கேள்வி எழவில்லை. நூற்றாண்டாக அந்தத் தெருவைக் கூட்டுவது ஒரே மக்கள்தான் என்பது சாதி. அந்த வேலை அரசு வேலையாகி, ஓய்வூதியத்தோடு பிள்ளையை வேறு படிப்புக்கு அனுப்ப வழி திறக்கும் நேரம் பார்த்து அது ஒப்பந்தமாக மாறுவது வர்க்கம். நிரந்தரப் பணியிடம் இருந்தால்தான் அதில் இடஒதுக்கீடு இருக்கும். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் நாற்காலிக்கு இனச்சுழற்சி கிடையாது.

நடந்தது சமூகநீதி பேசும் ஆட்சியில். உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, 13ஆம் நாள் நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை கூடி தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. பணி நிரந்தரம் அந்தப் பட்டியலில் இல்லை.