வில்லன் இல்லை, ட்விஸ்ட் இல்லை... இந்த ஆபீஸ் காதல் அனிமேக்களை ஏன் விடாம பார்க்குறோம்?

ராத்திரி பத்தரை மணி. சாப்பிட்டாச்சு, லேப்டாப்பையும் மூடியாச்சு. ஆனா, காலை மீட்டிங்ல மேனேஜர் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் இன்னும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. இந்த நேரத்துல ரத்தம் தெறிக்கிற சண்டை அனிமே பார்க்க மனசு வருமா? வராது. விரல் தானா ஒரு சின்னக் கதையைத் தேடிப்போகும். ஒரு ஆபீஸ், ரெண்டு பேர். வேலையில மூழ்கிக் கிடக்கிறவர் மேசையில, இன்னொருத்தர் சத்தமில்லாம ஒரு காபியை வச்சிட்டுப் போறார். அவ்வளவுதான் சீன். ஆனா, அதைப் பார்த்துட்டுப் படுத்தா தூக்கம் நல்லா வருது.

உங்களுக்கும் இப்படித்தானா? அப்படின்னா, இந்தக் கதைகள் நமக்குள்ள எதைத் தொடுதுனு கொஞ்சம் பேசலாம்.

பள்ளிக்கூடத்தைத் தாண்டிய காதல்

அனிமே காதல்னாலே யூனிஃபார்ம், மொட்டை மாடி, செர்ரி பூ என்றுதான் நமக்குப் பழக்கம். கடந்த சில ஆண்டுகளில் இன்னொரு வகையும் வரிசையாக வர ஆரம்பித்தது.

2018-ல் வந்த ‘வோட்டகோய்’ நல்ல உதாரணம். மொத்தமே 11 எபிசோடு. நாயகி நருமி, அனிமே, மங்கா என்று கிறுக்காக இருக்கும் ‘ஓட்டாகு’. அது தெரிந்ததும் பழைய ஆபீஸ் காதலன் கழற்றி விட்டுவிடுகிறான். புது கம்பெனிக்கு வந்தால், அங்கே சின்ன வயது நண்பன் ஹிரோடகா உட்கார்ந்திருக்கிறான். அவனோ வீடியோ கேம் பைத்தியம். அவன்கிட்ட நருமி எதையும் மறைக்கவே தேவையில்லை.

2021-ல் ‘மை சென்பாய் இஸ் அனாயிங்’. விற்பனைப் பிரிவில் இருக்கும் குட்டிப் பெண் இகராஷிக்கும், மலை மாதிரி இருக்கும் சீனியர் தகேதாவுக்கும் நடக்கிற செல்லச் சண்டை. 2023-ல் ‘தி ஐஸ் கய் அண்ட் ஹிஸ் கூல் ஃபீமேல் காலீக்’. நாயகன் ஹிமுரோ பனிப்பெண் வம்சம். மனசு கொஞ்சம் படபடத்தாலும் ஆபீஸுக்குள்ளேயே பனிப்புயல் அடிக்கும். 2025-ல் ‘ஐ ஹேவ் எ க்ரஷ் அட் வொர்க்’. ஆபீஸ் முழுக்க எலியும் பூனையும் என்று நினைக்கிற ரெண்டு பேர், யாருக்கும் தெரியாமல் காதலிக்கிறார்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யம். முதல் மூன்று கதைகளும் இணையத்தில் பிறந்தவை. ‘வோட்டகோய்’ பிக்சிவ் தளத்திலும், அடுத்த இரண்டும் ட்விட்டரிலும் குட்டிக் குட்டி காமிக்ஸாக வந்து, பிறகு புத்தகமாகி, அனிமேவானவை. வேலைக்குப் போகிற வழியில் ரெண்டு நிமிஷத்தில் படித்துவிட்டுச் சிரிக்கிற அளவு. அந்த அளவும் அந்த மென்மையும் அனிமேவான பிறகும் மாறவில்லை.

நிஜ ஆபீஸ் எப்படி?

திரையில் இவ்வளவு இதமாக இருக்கும் ஜப்பான் ஆபீஸ், நிஜத்தில் அப்படி இல்லை. அளவுக்கு மீறி வேலை பார்த்துச் சாவதற்கு ‘கரோஷி’ என்று தனியாக ஒரு சொல்லே வைத்திருக்கிற நாடு அது. 2015 கிறிஸ்துமஸ் அன்று, ஒரு பெரிய விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த 24 வயதுப் பெண் தற்கொலை செய்துகொண்டார். அதிக வேலைப்பளுதான் காரணம் என்று அடுத்த ஆண்டு அரசே ஒப்புக்கொண்டது. நாடே அதிர்ந்தது.

2018-ல் வேலைமுறைச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறி, 2019 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்களில் நடைமுறைக்கு வந்தது. ஓவர்டைம் மாதத்துக்கு 45 மணி நேரம், வருஷத்துக்கு 360 மணி நேரம் என்று வரம்பு போட்டார்கள். வேலை நெருக்கும் மாதத்தில்கூட 100 மணி நேரத்தைத் தொடக்கூடாது. இதில் ஒரு கொடுமை என்னன்னா, ஒரு சாவை ‘கரோஷி’ என்று கணிக்க அரசு பார்க்கிற அளவுகோல்களில் ஒன்றும் அதே மாதம் 100 மணி நேரம்தான்! மேலதிகாரி அதிகாரத்தை வைத்துக் கொடுமைப்படுத்துவதை நிறுவனமே தடுக்க வேண்டும் என்ற சட்டம், 2020-ல்தான் அங்கே அமலுக்கு வந்தது.

இப்போ புரியுதா? கத்தாத மேனேஜர், தப்பு செய்தால் பக்கத்தில் வந்து உட்காருகிற சீனியர்... இதெல்லாம் அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு பனிப்பெண் வம்சத்தைவிடப் பெரிய ஃபேன்டஸி.

காதலைவிட கவனிப்பு

இந்த அனிமேக்களில் முத்தம் தேடினால் ஏமாந்து போவீங்க. பல எபிசோடுகளில் கையைப் பிடிப்பதே பெரிய சம்பவம். அப்புறம் எதுக்குப் பார்க்கிறோம்?

ஹிமுரோவையே எடுத்துக்கோங்க. அவன் பனிப்பெண் வம்சம் என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். ஆனால், யாரும் ‘என்னடா இது’ என்று முகம் சுளிப்பதில்லை. சக ஊழியை ஃபுயுட்சுகி, ‘இவனுக்கு இப்போ என்ன தேவை?’ என்று மட்டும் யோசித்துச் செய்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். காதல் என்ற எண்ணமே அவளுக்கு உடனே வராது. நமக்குப் பிடிப்பது அவள் அழகு இல்லை, அந்தக் கவனிப்புதான். நருமிக்கும் அதே கதை. அவளுக்குக் கிடைத்தது பாய்ஃப்ரெண்ட் மட்டுமில்லை. முகமூடியைக் கழற்றி வைக்க ஓர் இடம்.

நாள் பூரா டார்கெட்டாகவும் ஐடி கார்டு நம்பராகவும் மட்டும் பார்க்கப்படுகிற ஒருத்தருக்கு, ‘இன்னிக்கு நீ சரியில்லையே, என்னாச்சு?’ என்கிற ஒரு கேள்வி எவ்வளவு பெரிசு! இந்த அனிமேக்கள் விற்பது அந்தக் கேள்வியைத்தான்.

இன்னொரு நல்ல மாற்றமும் உண்டு. ஜப்பானில் ஒருகாலத்தில் ஆபீஸ் காதல் என்றால், கல்யாணத்தோடு பெண் வேலையை விடுவதுதான் முடிவு. அதற்கு ‘கொதொபுகி தைஷா’ என்று மங்களகரமான பெயர் வேறு! இந்தக் கதைகளின் நாயகிகள் வேலையில் கெட்டி. காதல் வந்ததற்காக யாரும் ராஜினாமா கடிதம் எழுதுவதில்லை.

அந்தத் தலை தடவல்...

ரசிக்கும்போதே ஒரு விஷயத்தையும் கவனிக்கணும். தகேதா அடிக்கடி இகராஷியின் தலையைக் குழந்தை மாதிரி தடவுவான். அவளுக்குக் கோபம் வரும், நமக்குச் சிரிப்பு வரும். ஏன் சிரிக்கிறோம்? அவள் மனசுக்குள் ஓடுவது நமக்குக் கேட்கிறது. அவளுக்கு அவனைப் பிடிக்கும் என்று தெரிகிறது.

நிஜ ஆபீஸில் யார் மனசும் யாருக்கும் கேட்காது. அங்கே ஒரு சீனியர், ஜூனியர் பெண் தலையில் கை வைத்தால் அது செல்லம் இல்லை. விரும்பத்தகாத தொடுதல் பாலியல் துன்புறுத்தல் என்கிறது நம்ம ஊரின் 2013-ம் ஆண்டுச் சட்டம். அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தால், அதற்குப் பெயர் சம்மதம் இல்லை. அப்ரைசல் பயமாகவும் இருக்கலாம். ‘முடியாது’ என்று சொன்னால் எதையும் இழக்க வேண்டியதில்லை என்ற நிலை இருந்தால்தான், ‘சரி’ என்ற சொல்லுக்கு மதிப்பு.

அதேபோல, ராத்திரி ஆபீஸில் ரெண்டு பேர் மட்டும் தனியாக இருக்கும் சீன் எவ்வளவு ரம்மியமாக இருந்தாலும், ‘அந்த நேரத்துக்கு இவங்களை வீட்டுக்கு விடாதது யாரு?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்க. அந்தக் கேள்வியைக் கேட்ட அனிமேவும் இருக்கு. ‘வோட்டகோய்’ வந்த அதே 2018 ஏப்ரலில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘அக்ரெட்சுகோ’. கணக்குப் பிரிவில் இருக்கும் 25 வயது சிவப்பு பாண்டா ரெட்சுகோ, பகலெல்லாம் பன்றி மேனேஜரிடம் திட்டு வாங்கிவிட்டு, ராத்திரி கரோக்கி அறையில் டெத் மெட்டல் பாடித் தீர்ப்பாள். ஒன்று மருந்து, இன்னொன்று நோயின் ஸ்கேன் ரிப்போர்ட். ரெண்டையும் பாருங்க.

நாளைக்குக் காலையில்...

அசதியான ராத்திரியில் இதமான கதை தேடுவதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனா, ‘நம்ம ஆபீஸ்ல இப்படி ஒருத்தர் இல்லையே’ என்று ஏங்கிக்கிட்டே தூங்க வேண்டாம். டீமில் புதுசாகச் சேர்ந்து, யார்கிட்ட என்ன கேட்கிறது என்று தெரியாமல் முழிக்கிற ஒரு பையனோ பொண்ணோ இருப்பாங்க. நாளைக்குப் போனதும், ‘சாப்பிட்டியா? எங்க மாட்டிக்கிட்ட, காட்டு’ என்று கேளுங்க. அவர் செய்த வேலையை மெயிலில் அவர் பெயரிலேயே சொல்லுங்க. அதில் காதல் எதுவும் இருக்க வேண்டாம். அன்னிக்கு ராத்திரி அவருக்கும் கொஞ்சம் நல்லா தூக்கம் வரும்.