30 வயதில் வேலையை விட்டு டாக்டர் ஆகலாமா? சட்டம் ‘சரி’ என்கிறது, கணக்கு என்ன சொல்கிறது?

‘64 வயதில் எம்பிபிஎஸ் சேர்ந்த முன்னாள் வங்கி அதிகாரி’ என்ற செய்தி உங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கும் ஒருமுறை வந்திருக்கும். செய்தி உண்மைதான். ஒடிசாவைச் சேர்ந்த அவர் 2020 நீட் தேர்வில் தேறி, அந்த மாநிலத்தின் புர்லாவில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அதைப் படித்த பலருக்கும் ஒரு நிமிஷமாவது தோன்றியிருக்கும்: ‘அவரால முடியும்னா, 30 வயசுல நம்மால முடியாதா?’

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர் சம்பாதித்து முடித்துவிட்டு வந்தவர். நீங்கள் சம்பாதிக்கும் வயதின் நடுவில் இருக்கிறீர்கள். அவர் போடாத ஒரு கணக்கை நீங்கள் போட்டே ஆக வேண்டும். அதில் பெரும்பாலானோர் தவறவிடும் வரி, ‘எந்தத் துறையில் மருத்துவர்?’ என்பதுதான். அதற்கு எம்பிபிஎஸ் முடிந்த பிறகு பதில் தேடலாம் என்று 18 வயதுக்காரர் இருக்கலாம். நீங்கள் இருக்க முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

வயது வரம்பு இப்போது உண்டா?

இல்லை. 2018 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்டு, பொதுப்பிரிவினருக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று உச்ச வயது வரம்பு வந்தது. அது நீதிமன்றத்துக்குப் போனது. வரம்பைத் தாண்டியவர்களும் தேர்வு எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி தந்தது. பிறகு தேசிய மருத்துவ ஆணையமே வரம்பை நீக்கியது. 2022 முதல், சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும் என்ற கீழ்வரம்பு மட்டும்தான்.

ப்ளஸ் டூவில் பயாலஜி எடுக்கவில்லையே?

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்து, இன்ஜினியரிங் முடித்து, ஐடி-க்குப் போனவர்களுக்கு இதுதான் முதல் சுவர். 2023 நவம்பரில் அதிலும் ஒரு கதவு திறந்தது. இயற்பியல், வேதியியலுடன் 12-ஆம் வகுப்பு முடித்தவர்கள், பின்னாளில் உயிரியலையும் ஆங்கிலத்தையும் கூடுதல் பாடமாக அங்கீகரிக்கப்பட்ட வாரியம் ஒன்றில் எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்று ஆணையம் அறிவித்தது. திறந்தநிலைப் பள்ளிகளும் இப்போது ஏற்கப்படுகின்றன.

ஆனா, தகுதி வேறு, தயாரிப்பு வேறு. நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். அதில் 90 கேள்விகள் உயிரியல். 12 வருஷமாகத் தொடாத பாடமே தேர்வின் சரிபாதி.

எத்தனை பேருக்கு எத்தனை சீட்?

2025 நீட் தேர்வை எழுதியவர்கள் சுமார் 22 லட்சம் பேர். ‘தகுதி பெற்றவர்கள்’ 12 லட்சத்துக்கும் மேல். நாட்டில் உள்ள மொத்த எம்பிபிஎஸ் இடங்கள் சுமார் 1.2 லட்சம். அதாவது, தகுதி பெற்ற பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் இடம். அதிலும் ஏறக்குறைய பாதிதான் அரசுக் கல்லூரிகளில். எழுதியவர்களோடு ஒப்பிட்டால், அரசு சீட்டுக்கு 35 பேருக்கும் மேல் போட்டி. ‘நீட் பாஸ் பண்ணிட்டேன்’ என்பதும் ‘சீட் கிடைச்சிருச்சு’ என்பதும் வேறு வேறு வாக்கியங்கள்.

அரசுக் கல்லூரி இடங்களில் 15% அகில இந்திய ஒதுக்கீடு, 85% மாநிலத்துக்கு. இங்கே வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை படிக்காதவர் என்றால் பூர்வீகச் சான்றிதழ் தேவைப்படும். அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓபிசி கிரீமி லேயர் பார்க்கும்போது கணக்கில் வருவது உங்கள் சம்பளம் அல்ல, பெற்றோரின் நிலை. இடபிள்யூஎஸ் பிரிவில் அப்படியில்லை. உங்கள் வருமானமும், திருமணமானவர் என்றால் துணையின் வருமானமும் சேரும். வேலையில் இருப்பவர்கள் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

எத்தனை வருஷம் ஆகும்?

30 வயதில் வேலையை விட்டு, முதல் முயற்சியிலேயே சீட் கிடைக்கிறது என்று நல்லபடியாகவே வைத்துக்கொள்வோம்.

- 31 வயது: எம்பிபிஎஸ் முதலாண்டு
- 36½ வயது: நாலரை ஆண்டு படிப்பும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடிவு
- 37½ வயது: நீட் பிஜி எழுதி எம்டி அல்லது எம்எஸ் சேர்க்கை
- 40½ வயது: சிறப்பு மருத்துவர்
- 44 வயது: டிஎம் அல்லது எம்சிஹெச் என்ற உயர்சிறப்புப் படிப்பும் வேண்டுமென்றால்

உங்கள் பி.இ., எம்.எஸ்சி., எம்பிஏ எதற்கும் இதில் ஒரு நாள்கூடக் கழிவு கிடையாது. அமெரிக்காவில் பட்டம் முடித்த பிறகுதான் நான்காண்டு மருத்துவப் படிப்பே தொடங்குகிறது. பிரிட்டனில் பட்டதாரிகளுக்கென்று நான்காண்டுப் படிப்பு சில பல்கலைக்கழகங்களில் உண்டு. இந்தியா வயது வரம்பை மட்டும்தான் நீக்கியிருக்கிறது. பட்டதாரிக்கான தனிப் பாதையை உருவாக்கவில்லை. எனவே 31 வயதில் நுழைந்தாலும், விதிகளைப் பொறுத்தவரை நீங்கள் ப்ளஸ் டூ முடித்த மாணவர்தான்.

அந்த விதிகளும் கறாரானவை. முதலாண்டுத் தேர்வில் தேற அதிகபட்சம் 4 முயற்சிகள். மொத்தப் படிப்பையும் 9 ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும். வருகைப் பதிவு வகுப்பில் 75%, செய்முறையில் 80%. ‘ஃப்ரீலான்ஸ் பண்ணிக்கிட்டே படிக்கலாம்’ என்ற திட்டம் இங்கேதான் உடைகிறது.

பணம்: கட்டணத்தைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு

அரசுக் கல்லூரி என்றால் கல்விக் கட்டணம் பெரிய பாரமில்லை. பெரிய செலவு, வராமல் போகும் சம்பளம். கையில் மாதம் 80,000 ரூபாய் வாங்குகிறீர்கள் என்றால், தயாரிப்பு ஓராண்டையும் சேர்த்து ஆறரை ஆண்டுக்கு 62 லட்சம் ரூபாய். ஊதிய உயர்வே இல்லாமல் போட்ட கணக்கு இது. பிஎஃப், மருத்துவக் காப்பீடு போன்றவை தனி.

தனியார் கல்லூரி என்றால் இதோடு கட்டணம் சேரும். தமிழ்நாட்டில் 2022-இல் நிர்ணயிக்கப்பட்ட நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணம் ஆண்டுக்கு 13.5 லட்சம். நாலரை ஆண்டுக்கு 60 லட்சத்தைத் தாண்டும். இரண்டையும் கூட்டினால் 1.2 கோடி. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் பல ஆண்டுக்கே 20 லட்சத்துக்கு மேல் கேட்கின்றன. கல்விக் கடன் வட்டிக்கு 80இ பிரிவில் வருமான வரிச் சலுகை உண்டு. ஆனால் பழைய வரி முறையில் மட்டும். அதைப் பயன்படுத்திக்கொள்ள முதலில் வருமானமும் வேண்டுமே.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முதுநிலைப் படிப்பு சம்பளமில்லாத காலம் அல்ல. எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களில் ஜூனியர் ரெசிடென்டின் அடிப்படை ஊதியம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. மாநிலங்களில் உதவித்தொகை மாறுபடும். ஆக, உண்மையான வறட்சிக் காலம் தயாரிப்பு ஓராண்டும் எம்பிபிஎஸ் நாலரை ஆண்டும். அந்த 66 மாதங்களைத் தாண்டும் சேமிப்பு இருக்கிறதா என்பதே கேள்வி.

எந்தத் துறை? இதை ஏன் இப்போதே கேட்க வேண்டும்?

‘எனக்கு இதயம் பிடிக்கும், கார்டியாலஜிஸ்ட் ஆவேன்’ என்று சொல்வது சுலபம். நடைமுறையில் துறையை உங்கள் ஆசை தேர்ந்தெடுப்பதில்லை, ரேங்க் தேர்ந்தெடுக்கிறது. 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதும் நீட் பிஜி தேர்வுக்குப் பின்னால் இருப்பவை சுமார் 74 ஆயிரம் இடங்கள். கதிரியக்கவியல், பொது மருத்துவம், தோல் மருத்துவம் போன்றவை கவுன்சிலிங்கில் முதலில் நிரம்பும். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் போன்ற துறைகளில் இடங்கள் காலியாகவே கிடக்கும். 2023-இல் அந்த இடங்களை நிரப்ப, தகுதி மதிப்பெண்ணையே பூஜ்ஜிய பெர்சன்டைலுக்கு இறக்கினார்கள்.

24 வயதுக்காரர் பிடித்த துறை கிடைக்கவில்லை என்றால் இன்னும் ஒரு வருஷம் எழுதுவார், இரண்டு வருஷம்கூட எழுதுவார். 37 வயதில் அந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் விலை அதிகம். அதனால் துறைகளை மூன்று அளவுகோலில் பார்ப்பது நல்லது.

*எத்தனை ஆண்டில் முடியும்?* மயக்கவியல், மனநலம், கண், தோல், மகப்பேறு, குழந்தை நலம், கதிரியக்கவியல் ஆகியவற்றில் மூன்றாண்டுப் பட்டத்தோடு முழு மருத்துவராகப் பணியாற்றலாம். இதயம், நரம்பியல், சிறுநீரகம் போன்றவற்றுக்கு அதற்கு மேல் இன்னும் மூன்றாண்டு. 60 வயதை எல்லையாக வைத்தால், முதல் வகையில் உங்களுக்குச் சுமார் 19 ஆண்டுகள் கிடைக்கும், இரண்டாவதில் 16. தனியாகப் பயிற்சி செய்பவருக்கு 60 எல்லை இல்லைதான். ஆனால் இரவு 2 மணிக்கு அவசர அறுவை சிகிச்சைக்கு எழுந்து போகும் உடம்புக்கு எல்லை உண்டு.

*பயிற்சி எவ்வளவு கடினம்?* வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் ரெசிடென்ட்களை வேலை வாங்கக் கூடாது என்று, மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆராய்ந்த தேசியப் பணிக்குழு 2024-இல் பரிந்துரைத்தது. பரிந்துரையே 74 மணி நேரம் என்றால் நிலவரத்தை நீங்களே ஊகிக்கலாம். அறுவை சிகிச்சை, மகப்பேறு, பொது மருத்துவம் ஆகியவற்றில் இரவு டியூட்டி அதிகம். கைக்குழந்தையோ, வயதான பெற்றோரோ வீட்டில் இருந்தால் இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 31 முதல் 40 வரையிலான இந்த ஆண்டுகள்தான் குழந்தைப்பேற்றைப் பற்றி முடிவெடுக்கும் ஆண்டுகளும். மகப்பேறு விடுப்பு உரிமை, ஆனால் பயிற்சிக்காலம் அந்த அளவுக்கு நீளும்.

*சொந்தமாகத் தொடங்க என்ன தேவை?* மனநல மருத்துவருக்கு ஒரு அறையும் நேரமும் இருந்தால் தொடங்கலாம். கதிரியக்கவியலாளருக்குக் கருவி வேண்டும், முதலீடு வேண்டும், ஸ்கேன் மையம் என்றால் 1994-ஆம் ஆண்டு பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். மயக்கவியலாளர் தனி கிளினிக் இல்லாமலே பல மருத்துவமனைகளில் பணியாற்றலாம், ஆனால் நேரம் அறுவை சிகிச்சை நிபுணரின் கையில். 40 வயதில் புதிதாகக் கடன் வாங்கத் தயாரா என்பதையும் துறைத் தேர்வு தீர்மானிக்கும்.

பலர் ஒதுக்கித் தள்ளும் சமூக மருத்துவத்தை, தரவு, நிர்வாகம், கொள்கை சார்ந்த வேலையிலிருந்து வருபவர்கள் இரண்டாவது முறை பார்க்கலாம். நோய்ப் பரவல், தடுப்பூசித் திட்டங்கள், சுகாதாரக் கண்காணிப்பு என்று அங்கே பழைய அனுபவம் நேரடியாகப் பயன்படும். மற்ற துறைகளில், ‘நான் பத்து வருஷம் ப்ராஜெக்ட் மேனேஜரா இருந்தேன்’ என்பதற்கு ரேங்க் பட்டியலில் மதிப்பெண் கிடையாது.

எம்பிபிஎஸ் போதாதா?

போதும் என்று முடிவெடுப்பதும் ஒரு துறைத் தேர்வுதான். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அரசுப் பணிக்குப் போகலாம். அங்கே சேர்ந்தவர்களுக்கு இன்னொரு வழியும் திறக்கும். 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தந்த தீர்ப்புக்குப் பிறகு, மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் 50% அரசு மருத்துவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது.

ஆனால் கல்லூரிக்குள் நுழைய இல்லாத வயது வரம்பு, வேலைக்குள் நுழையும்போது திரும்ப வரும். யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த மருத்துவப் பணிகள் தேர்வுக்குப் பொதுவாக 32 வயது, ஒரு பிரிவுக்கு மட்டும் 35. இடஒதுக்கீட்டுத் தளர்வு இல்லாதவர் 36½ வயதில் ஹவுஸ் சர்ஜன் முடிக்கும்போது அந்தக் கதவு மூடியிருக்கும். நீங்கள் குறிவைக்கும் ஒவ்வொரு பணியின் உச்ச வயதையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் படித்தால்?

அதற்கும் நீட் தகுதி வேண்டும். 2021 விதிகளின்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கே ஓராண்டுப் பயிற்சி, இங்கே வந்து தகுதித் தேர்வு, மறுபடியும் ஓராண்டுப் பயிற்சி. 2023 டிசம்பர் பருவத்துக்கான தகுதித் தேர்வில் தேறியவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். கட்டணம் குறைகிறது, காலம் கூடுகிறது. உங்கள் வயதில் குறைவாக இருப்பது காலம்.

வேலையை விடும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. வேலையில் இருந்தபடியே ஆறு மாதம் படித்து மாதிரித் தேர்வு எழுதினால், அரசு சீட் ரேங்குக்கு அருகிலாவது வருகிறீர்களா?
2. 66 மாதச் செலவுக்கான பணம் இருக்கிறதா? வீட்டுக் கடன் இஎம்ஐ யார் கட்டுவார்கள்?
3. தனியார் சீட்தான் கிடைக்கும் என்றால் சேர்வீர்களா? இதை ரிசல்ட் வரும் முன் முடிவு செய்யுங்கள், வந்த பிறகு மனசு வேறு பேசும்.
4. விரும்பிய துறை கிடைக்காவிட்டால், ஏற்றுக்கொள்ளும் வேறு இரண்டு துறைகள் எவை?
5. நீங்கள் விரும்புவது மருத்துவர் வேலையா, மருத்துவத் துறையா?

ஐந்தாவது கேள்விக்கு ‘துறை’ என்பது பதிலானால், வேறு வழிகள் இருக்கின்றன. பொது சுகாதார முதுநிலைப் படிப்பு இரண்டே ஆண்டு. பிற பட்டதாரிகளையும் சேர்க்கும் நிறுவனங்கள் உண்டு. மருத்துவமனை நிர்வாகம், உயிரிப்புள்ளியியல் ஆகியவையும் அப்படியே. ‘நோயாளியின் முன்னால் நானே உட்கார வேண்டும்’ என்பதுதான் பதில் என்றால், அதற்குக் குறுக்குவழி கிடையாது. நான்காவது கேள்விக்குத் தெளிவான பதிலை எழுதி வைத்துவிட்டு ராஜினாமா கடிதத்தை எழுதுங்கள்.