ஜமக்காளத்தின் விலை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

அக்காவின் திருமணத்திற்கு ஜமக்காளம் வாங்க அப்பாவும் நானும் கொல்லிமலையிலிருந்து இறங்கினோம். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஊருக்குள் வந்து, முதலில் கூட்டுறவு விற்பனை நிலையத்துக்குப் போனோம். பவானிக் கைத்தறி ஜமக்காளம் ஒன்றை அப்பா நெடுநேரம் தடவிப் பார்த்தார். விலையைக் கேட்டதும், "வேண்டாம்பா, அடுத்த கடையில பாதி விலைக்குக் கிடைக்கும்" என்று அவரை இழுத்துச் சென்றவன் நான்தான். அங்கே வாங்கியதிலும் 'பவானி' என்றே அச்சிட்டிருந்தது.

திரும்பும்போது பேருந்தில் அப்பா சொன்னார்: "மிளகுக்கு வியாபாரி விலை சொல்றப்ப நமக்கு வயிறு எரியுது. தறியில உக்காந்திருக்கிறவனுக்கும் அப்படித்தானே இருக்கும்?" பள்ளிக்கூடத்தையே பார்க்காத அவருக்குத் தெரிந்தது, கல்லூரிக்கு வந்த எனக்குத் தெரியவில்லை. முதல் சலவையிலேயே அந்த ஜமக்காளத்தின் சாயமும் போயிற்று. அப்பாவின் சொல் மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

உள்நாட்டுப் பொருளையே வாங்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். அந்தப் பொருளைச் செய்தவனுக்கு என்ன கூலி கிடைத்தது என்று கேட்கிறோமா? 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி., 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்கும் தலைமை தாங்கினார். கூலி உயர்வு பெற்ற பிறகே தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். சுதேசியமும் தொழிலாளர் உரிமையும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. பத்தாண்டு கழித்து, 1918இல், சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

ஆலைத் தொழிலாளர் ஒரே வாசலில் கூடுகிறார்கள். சங்கம் அமைக்க முடிகிறது. கைத்தறி நெசவாளியோ தன் வீட்டுக் குழித்தறியில் தனித்து உட்கார்ந்திருக்கிறான். நூல் கொடுப்பவன் சொன்னதே கூலி என்றால் அவன் யாரிடம் முறையிடுவான்? தொழிற்சங்கம் வேறு, கூட்டுறவுச் சங்கம் வேறு என்பது உண்மையே. ஆயினும் தனி நெசவாளிக்குக் கூட்டாக நிற்கும் வலிமையைத் தருவது கூட்டுறவுச் சங்கம்தான். அது நூலைக் கொடுத்து, நெய்ததற்குக் கூலியையும் கொடுக்கிறது. அத்தகைய சங்கங்களின் துணிகளை விற்கவே 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கென்று ஒதுக்கிய துணி வகைகளில் ஜமக்காளமும் உண்டு. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இத்தனை இருந்தும், வாங்குகிறவன் என்னைப் போல் விலையை மட்டுமே பார்த்தால் சட்டம் என்ன செய்யும்?

விசைத்தறிக்காரர்மேல் எனக்குப் பகையில்லை. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் இரவு பகலாகத் தறி ஓட்டுகிறவர்களும் கூலிக்காரர்களே. அவர்களும் சங்கம் வைத்துக் கூலி உயர்வு கேட்கிறவர்களே. விசைத்தறித் துணியை விசைத்தறித் துணி என்று சொல்லியே விற்கட்டும். ஒருவன் உழைப்பின் பெயரை மற்றொன்றின்மேல் ஒட்டி விற்பதுதான் தவறு.

"ஏழை வீட்டில் விலை பார்க்காமல் முடியுமா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடன் வாங்கித் திருமணம் செய்யும் வீட்டின்மேல் இந்தச் சுமையை ஏற்ற வேண்டாம். மொத்தமாக வாங்கும் இடங்கள் முதலில் தொடங்கட்டும். நம் கல்லூரி விழாக்களில் விருந்தினர்க்குப் பளபளவென்று பொன்னாடை போர்த்துகிறோம். மறுநாள் அது எதற்கும் உதவாது. அதற்குப் பதிலாக ஒரு கைத்தறித் துண்டைப் போர்த்தினால் என்ன? மேடையில் விரிக்கும் ஜமக்காளத்தையும் விடுதிப் போர்வையையும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் வாங்கினால் என்ன? மாணவர் மன்றமும் பேராசிரியப் பெருமக்களும் அடுத்த ஆண்டு விழாவிலேயே இதைத் தொடங்கலாம்.

எங்கள் மலை மிளகுக்கு நல்ல விலை வேண்டும் என்று நான் இனியும் கேட்பேன். அப்படிக் கேட்கிறவன், பவானித் தறிக்காரனிடம் பாதி விலை பேசக்கூடாதல்லவா?